அவரவர் வாயால்

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகள் தாரணி தேசியப் பூங்காவை விட்டு வெளியேறினாள் என்று வனத்துறைச் சோதனைச் சாவடியின் பதிவேடு சொன்னது. பெயர், ஊர், உள்ளே போன தேதி, வெளியே வந்த நேரம், கையெழுத்து, எல்லாம் இருந்தன. கையெழுத்து மட்டும் என்னுடையது. தாரணி அப்போது மலைமேல் எங்கோ இருந்தாள்.

நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினால், என் கை ஒரு நொடி தயங்கித்தான் பேனாவை வாங்குகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கையெழுத்தைப் பற்றி அல்ல, அதை நம்ப மறுத்த ஒரு பெண்மணியைப் பற்றி. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டியா?" என்பார். ஆபீஸில் அவரை எல்லாரும் ஓடிபி அக்கா என்றுதான் சொல்வோம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டவர் அவர். சாயங்காலம் கேப் ஏறிப் போகும் பெண்கள் வீடு சேர்ந்தார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு ஒரு ஆப் இருந்தது. ஆளை இறக்கிவிட்டதும் டிரைவர் ஒரு பட்டனை அழுத்துவார், திரையில் அந்தப் பெண்ணின் பெயர் பச்சையாகும். டெஸ்க்கில் இருந்த மற்றவர்கள் பச்சையைப் பார்த்ததும் டீ குடிக்கப் போவார்கள். அக்கா பச்சையைப் பார்த்த பிறகுதான் போனையே எடுப்பார். எடுத்து, அந்தந்தப் பெண்ணிடமே கேட்பார். அவள் வாயால் "வந்துட்டேன்" என்று சொன்னால்தான் அவருக்கு அது கணக்கு. அதனால்தான் அந்தப் பெயர். ஓடிபி உரியவர் போனுக்கு மட்டும்தானே வரும்.

தாரணி எங்கள் கம்பெனியிலேயே ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தாள். முதல் வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் எடுத்தேன்.

"தாரணி வந்துட்டாளா?"

"வந்துட்டாக்கா. குளிச்சிட்டிருக்கா."

"நீ யாரு?"

"அவ அம்மா. நானும் நம்ம கம்பெனிதான்க்கா, பேரோல் செக்‌ஷன்ல."

"சரிம்மா. குளிச்சிட்டு வரட்டும், நான் லைன்லயே இருக்கேன்."

"நான்தான் சொல்றேனேக்கா."

"நீ சொல்றே. அவ இன்னும் சொல்லலியே."

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவள் சொல்வது போதாதா? போனைக் கொண்டுபோய் பாத்ரூம் கதவில் வைத்துத் தட்டினேன். உள்ளேயிருந்து, "வந்துட்டேன் ஆன்ட்டி! போதுமா?" என்று ஒரு கத்தல். "போதும் கண்ணு. வாயை மூடு, சோப்பு போயிடப்போகுது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அக்கா பெங்களூர் மர்பி டவுன்காரர். தாத்தா காலத்திலேயே வந்து குடியேறிய குடும்பம். தமிழிலேயே தொடங்கி, நடுவில் கன்னடத்துக்குப் போய், டிரைவரிடம் உருதுவில் முடிப்பார். குள்ளம். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "யாரும் என்கிட்ட கேக்கலை. எங்கப்பாகிட்டதான் கேட்டாங்க" என்றாராம். அது விளையாட்டா நிஜமா என்று தெரியாமல் அந்தப் பெண் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஒருமுறை ஒரு டிரைவர் பட்டனை அழுத்திவிட்டார். பெயர் பச்சையாகிவிட்டது. அக்கா அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போட்டார். டோல் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வடை தின்றுகொண்டிருந்த டிரைவருக்கு, தன் வண்டிக்குள்ளேயே மணியடிப்பது கேட்டது. கடைசி சீட்டில் அந்தப் பெண் காய்ச்சலோடு தூங்கிப்போயிருந்தாள். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். மறுநாள் அவரை வேலையை விட்டே எடுக்கவேண்டும் என்று மேனேஜர் குதித்தார். அக்கா விடவில்லை. "அவன் பார்க்கலை. அவ தூங்கிட்டா. அது நடக்கும் சார். நான் போன் பண்ணாம இருந்திருந்தா, அதுதான் தப்பு."

இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு, இதனால்தான் அவர் அப்படி ஆனார் என்று முடித்துவிடலாம். அப்படி இல்லை. அதற்கு முன்பும் அவர் அப்படித்தான்.

அது எல்லா இடத்திலும் நல்லதாகவே முடிந்ததாகவும் சொல்ல முடியாது. அவர் தம்பி மகளுக்கு நிச்சயம். பாதிரியார் வந்தாயிற்று, மோதிரம் வந்தாயிற்று. பெண்ணுக்குச் சம்மதமா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒரு பேச்சுக்குக் கேட்க, பெண்ணின் அப்பா, "பரிபூரண சம்மதம்" என்றார். அக்கா எழுந்து, "அவகிட்டதானே கேட்டாங்க, அவ சொல்லட்டுமே" என்றிருக்கிறார். பெண் சொல்லவில்லை. குனிந்துகொண்டே இருந்தாள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள், பிரியாணி ஆறியது, பெண் வாயே திறக்கவில்லை. நிச்சயம் நின்றுபோனது. தம்பி குடும்பம் அன்றிலிருந்து அக்காவோடு பேசுவதில்லை.

"அந்தப் பொண்ணாவது பேசுறாளா?" என்று கேட்டேன்.

"அவளும்தான் பேசுறதில்லை" என்றார் அக்கா. "இப்ப வேற எடத்துல கட்டிக்கிட்டா. நல்லாத்தான் இருக்கானு கேள்வி." முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "கேள்விதான்" என்றார்.

இதை அவர் சொன்னது எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில். ஆபீஸின் வாக்கிங் குழுவில் சிலர் உத்தரகாண்டில் பனியாறுகள் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. குழுவை நடத்தும் பிரசன்னா, டெவலப்மென்ட் டீம் லீட், விமான நிலையத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லி அக்காவிடம் போனான். "பண்றேன். எனக்கும் ஒரு சீட் வை" என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. ரிட்டயர் ஆக நான்கைந்து மாதம் இருந்தது. தாரணியும் போகிறேன் என்றாள், அவளுக்காகத்தான் நானும் சேர்ந்தேன். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. என் கணவர், "நீ போனாத்தான் அவளுக்குத் தொல்லை" என்றார்.

பெங்களூரில் மலைக்கு எங்கே போவது? எங்கள் பிளாக்கின் பதினான்கு மாடிதான் மலை. பையில் ஆட்டா மாவு பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் போட்டுக்கொண்டு தினமும் காலையில் ஏறி இறங்கினோம். அக்கா ஒவ்வொரு மாடிக்கும் நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஆயித்து, ஆயித்து" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். ஆனது, ஆனது. நாங்கள் இரண்டு தடவை முடிப்பதற்குள் அவர் ஒரு தடவை முடிப்பார். ஆனால் எட்டு வாரத்தில் ஒரு நாள்கூட அவர் பதினான்காவது மாடியைத் தொடாமல் போனதில்லை.

"லிஃப்ட்ல ஏறிட்டு, நடந்தேன்னு சொன்னா யாருக்குத் தெரியும்?" என்று பிரசன்னா சீண்டுவான்.

"முட்டிக்குத் தெரியும்டா."

மலையில் நடக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை பனியாற்றின் முகப்பைப் பார்த்தோம். காலண்டரில் இருப்பது போல வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். எதிரே நின்றது கல்லும் மண்ணும் மூடிய ஒரு சாம்பல் நிறச் சுவர். அதன் அடியில் குகை போலத் திறந்த வாயிலிருந்து கலங்கல் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது.

"என்னப்பா இது, மெட்ரோ வேலை நடக்கிற எடம் மாதிரி இருக்கு" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். அப்புறம் வெயில் திரும்பியது. சுவரில் ஒரு வெடிப்பு. அதற்குள்ளே நீலம்.

வழியில் ஒரு பாறையில் பெயின்டால் வருஷம் எழுதியிருந்தது. அந்த வருஷம் பனி அதுவரைக்கும் இருந்ததாம், அப்புறம் உருகி உருகிப் பின்வாங்கிவிட்டது என்று வழிகாட்டி சொன்னார். அக்கா அந்தப் பாறையைத் தடவிப் பார்த்தார். "இதுகூட எங்க இருந்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. நம்ம டிரைவருங்களுக்கு அந்தப் புத்தி இல்ல."

மறுநாள் இறக்கம். வழிகாட்டி மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார். முகாமிலிருந்து சாவடிக்கு இரண்டு வழி. கழுதைகள் போகும் பாதை அகலம், ஆனால் சுற்று. ஓடையை ஒட்டிய பாதை குறுக்கு, செங்குத்து. இரண்டும் சாவடிக்கு அரை மணி தூரத்தில் சேரும். அக்கா முட்டியைக் காட்டி அகலப் பாதையில் போனார். துணைக்கு வருகிறேன் என்ற பிரசன்னாவிடம், "கழுதைக்கே வழி தெரியுது, எனக்குத் தெரியாதா? போடா" என்றார். மற்ற பத்துப் பேரும் ஓடைப் பாதையில் இறங்கினோம்.

மரப்பாலத்தைத் தாண்டும்போது மூன்று மணி ஆகப் பத்து நிமிடம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஷூவுக்குள் கல் போய்விட்டது, நீ போய்க்கொண்டிரு, பின்னாலேயே வருகிறேன் என்றாள் தாரணி. என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக நடப்பவள். நடந்தேன். முதல் வளைவில் திரும்பியபோது அவள் கையாட்டினாள், நானும் கையாட்டிவிட்டுப் போனேன். பிரசன்னா நின்றிருந்த, இரண்டு பாதையும் சேரும் இடத்தைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தபோதெல்லாம், மேல் வளைவில் ஒரு சிவப்புத் தொப்பி வந்துகொண்டிருந்தது. நிம்மதியாக இருந்தது. யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று பிரசன்னா எங்கள் பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி சிவப்புத் தொப்பி வாங்கிக் கொடுத்திருந்தான்.

சாவடியில் எனக்குப் பின்னால் வேறொரு குழு வரிசையில் நின்றது. என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வரியில் தாரணி. ஸ்கூல் டைரியிலிருந்து கூரியர் பார்சல் வரைக்கும் இருபது வருடமாக அவளுக்காக நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள்தான் பின்னாலேயே வருகிறாளே. இதையும் போட்டேன்.

நான்கு மணிக்கு அந்தச் சிவப்புத் தொப்பி வந்து சேர்ந்தது. அது ஓடிபி அக்கா.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. "பேர் சொல்றேன், சத்தம் குடுங்க."

"ஐயோ அக்கா, இது கேப் இல்ல" என்று யாரோ முனகினார்கள். அக்கா பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டார். பிரசன்னா ஸ்கூல் பையன் குரலில், "உள்ளேன் ஐயா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"தாரணி."

அக்கா இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"பஸ்ல இருப்பாக்கா" என்றேன். "எனக்கு முன்னாடி உங்ககூட வந்தவங்களோட..." என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பஸ்ல இருந்தா பஸ்ல இருந்து சொல்லட்டும்."

பஸ்ஸில் இல்லை. கழிப்பறையில் இல்லை. டீக்கடையில் இல்லை. அக்கா பிரசன்னா பக்கம் திரும்பினார்.

"பாதை சேர்ற எடத்துல நின்னியே. மேலயிருந்து கத்திக் கேட்டேன், எல்லாரும் போயாச்சான்னு. போயாச்சுன்னே."

"அவங்கம்மா போனாங்கக்கா. அவளும் கூடத்தான் போயிருப்பான்னு..."

நான் எதிர்பார்த்தது, அக்கா அவனைக் கிழித்தெடுப்பார் என்று. அவர் தொப்பியைக் கழற்றினார். "நானும் கேட்டுட்டு விட்டுட்டேன்" என்றார். "முட்டி வலி. எப்படா கீழே போவோம்னு இருந்துச்சு. ஒவ்வொருத்தர் வாயாலயும் கேட்டிருக்கணும். கேக்கலை." நேராகச் சாவடிக்குள் போனார்.

உள்ளே இருந்த காவலர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பதினொரு கையெழுத்து. உள்ளே ஆள் யாரும் இல்லை. இல்லாத ஆளைத் தேட எப்படி ஆள் அனுப்புவது? தேடப் போகக்கூடிய இரண்டு வனக்காவலர்களும் நான்கரை மணிக்குக் கீழே தங்கள் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்கள். "கீழே கடைத்தெருவுக்குப் போயிருப்பாள், பாருங்கள்" என்றார் காவலர்.

"நக்கோ" என்றார் அக்கா, அதெல்லாம் வேண்டாம் என்று, தன் பெங்களூர் உருதுவில். அந்தச் சொல்லைக் கேட்டுக் காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "அவள் வெளியே வரவில்லை. இந்தக் கையெழுத்து அவளுடையது இல்லை."

பிரசன்னா என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "மேடம், அவசரப்படாதீங்க. பொய்க் கையெழுத்துன்னு எழுதிட்டா கேஸாயிடும். நாளைக்குக் காலைல ஃபிளைட். அரை மணி நேரம் பார்ப்போம், வந்துடுவா."

அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான். நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். வந்துவிடுவாள் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. இன்னொன்றும் இருந்தது, இன்று வரை யாரிடமும் சொல்லாதது: அந்தக் கையெழுத்து இருக்கும்வரை அவள் பத்திரமாக வெளியே வந்துவிட்டவள். அதை நான் அடித்துவிட்டால் அவள் நிஜமாகவே மலையில் மாட்டிக்கொண்டவளாகிவிடுவாள். என் கை அதற்குத்தான் பயந்தது.

அக்கா பேனாவை என் முன்னால் நீட்டினார்.

"அடி."

"நீங்களே அடிச்சிடுங்கக்கா."

"நான் அடிச்சா செல்லாது. போட்டது நீ. மணி நாலு இருபது."

"கேஸ் ஆகும்னு..."

"ஆகட்டும். கேஸை பெங்களூர் போய்ப் பார்த்துக்கலாம். இப்ப அடிம்மா."

அடித்தேன். பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: இந்தக் கையெழுத்து தாய் போட்டது, மகள் உள்ளே இருக்கிறாள். எழுத்து கோணல்மாணலாகப் போனது. காவலர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் படித்து முடித்த கையோடு எழுந்து விசில் ஊதினார். கிளம்பவிருந்த இரண்டு பேரும் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கோவேறு கழுதையை அவிழ்த்துக்கொண்டு மேலே ஏறினார்கள். நானும் போகிறேன் என்றேன். விடவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் வயர்லெஸ் எடுக்காது என்றார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை எதுவும் தெரியாது.

அதற்கப்புறம் காத்திருப்பதுதான். பஸ் டிரைவர் கிளம்பலாம் என்று ஹாரன் அடித்தார். அக்கா போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஐந்து மணிக்குக் காவலர் தடுப்புக் கம்பத்தை இறக்கிப் பூட்டப் போனார். அக்கா எழுந்து அந்தக் கம்பத்தில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டார். காவலர் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. வலிக்கும் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது, வந்துவிடுவாள் என்று மற்ற எல்லாரும் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்?

அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். பெங்களூர் திரும்பிய பிறகு ஆபீஸில் அவர் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பினேன். அடித்த அந்தக் கையெழுத்தை அவர் முகத்தில் பார்ப்பது போல இருந்தது. இரண்டு மாதத்தில் ரிட்டயர் ஆனார். கேக் வெட்டிய அன்று நான் லீவு போட்டேன். ஒரு வருடம் கழித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று மர்பி டவுனுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கோலார் பக்கம் யாரோ உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நல்லா இருக்காங்க என்றார்கள். போன் நம்பர் அவர்களிடமும் இல்லை.

அன்றைக்கு மணி ஆறே முக்கால் இருக்கும். மலையின் பாதி ஏற்கெனவே நிழலில் இருந்தது. அக்கா கம்பத்திலிருந்து முழங்கையை எடுத்தார். அப்புறம்தான் எனக்கும் மணிச் சத்தம் கேட்டது, கழுதையின் கழுத்து மணி. முன்னால் ஒரு வனக்காவலர், பின்னால் ஒருவர். நடுவில், கழுதை மேல், தொப்பி இல்லாமல் தாரணி. வலது கணுக்காலில் யாருடையதோ மஃப்ளர் கட்டியிருந்தது. ஓடும்போது நான் கம்பத்தில் இடித்துக்கொண்டது ராத்திரிதான் தெரிந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். களைத்துப்போயிருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. குனிந்து என் தலையில் கை வைத்தாள்.

"ஏம்மா இப்படிப் பதறுறே? பாலத்துகிட்டயே கால் பிசகிடுச்சு. கத்தினேன், ஓடைச் சத்தத்துல கேக்கலை. அப்புறம் வளைவுல நீ திரும்பினியே, அப்ப ரெண்டு கையையும் ஆட்டினேன். நீயும் கையாட்டிட்டுப் போனே. சரி, அம்மா பார்த்துட்டா, ஆள் கூட்டிட்டு வரத்தான் ஓடுறான்னு புரிஞ்சுகிட்டேன். அதான் பயப்படாம உட்காந்திருந்தேன்."